நின்னாத்தான் வருது: மாட்டுங்கா டாக்டரின் கேள்வி – பதில்

போன இதழில், கோவிட் வந்து போய் மாதக்கணக்கு ஆகியும் உடம்பு தேறாதவர்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். முடிக்கும்போது, "எழுந்து நின்றால் படபடப்பு வருகிறதா? எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டேன். மும்பைப் பக்கம் டோம்பிவிலியிலிருந்து தாராவி வரை கடிதம் குவிந்துவிட்டது. சர்க்கரை, மூட்டு வலிக் கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளட்டும். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

வாசகி, வயது 34, டோம்பிவிலி

*2022 ஜனவரியில் எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் கோவிட் வந்தது. மற்ற மூவரும் பத்து நாளில் எழுந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அன்றிலிருந்து நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. காலை லோக்கலில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் தாணே வருவதற்குள் கண் இருட்டிவிடும். இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டி பிடிக்கிறேன். இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். மூன்று டாக்டர்கள் பார்த்தாயிற்று. கடைசியாகப் பார்த்தவர் "டென்ஷனைக் குறைங்க" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். கணவரும் இப்போது அதையே சொல்கிறார். இது மனசுதானா டாக்டர்?*

உங்களுக்கு அந்த இசிஜி எடுத்தபோது படுத்திருந்தீர்களா, நின்றிருந்தீர்களா? படுத்துத்தான் இருந்திருப்பீர்கள். எக்கோவும் அப்படித்தான். பிபி பார்த்தபோது நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். நின்றால் வருகிற தொந்தரவை உங்களைப் படுக்கவைத்துத் தேடியிருக்கிறோம். "இருக்கிறோம்" என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2020 ஆகஸ்டில் தாராவியில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் என் கிளினிக்குக்கு வந்தாள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். மே மாதம் கோவிட் வந்து போயிருந்தது. மயக்கம், படபடப்பு, கை நடுக்கம் என்றாள். படுக்க வைத்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். இசிஜி எடுத்தேன், நன்றாக இருந்தது. ஊரே பயந்து கிடந்த வருடம் அது, பயம்தான் என்று முடிவு கட்டி, சின்னதாக ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த ஏப்ரலில் எனக்கே கோவிட் வந்தது. பதினேழு நாள் வீட்டில் ஓர் அறையில் கிடந்தேன். ஜூனில் கிளினிக் திறந்தேன். மாடிப்படி ஏறி, கதவைத் திறந்து, சுவாமி படத்துக்கு விளக்கேற்ற நின்றால் காது அடைத்துக்கொண்டது. தலை வாரக் கையைத் தூக்கினால் கால் துவண்டது. வெந்நீரில் குளித்துவிட்டு வெளியே வந்து ஈரப் புடவையோடு தரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நரம்பியல் மருத்துவரான என் பழைய வகுப்புத் தோழி என்னைச் சுவரோரமாக நிற்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடி பிடித்தாள். படுத்திருந்தபோது 72. நின்ற ஆறாவது நிமிடத்தில் 118. பிபி இறங்கவே இல்லை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நாம் எழுந்து நிற்கும்போதெல்லாம் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். எல்லோருக்கும்தான். கழுத்து ரத்தக் குழாயிலும் இதயத்துக்கு மேலே உள்ள பெருந்தமனியிலும் அழுத்தம் பார்க்கும் உணர்விகள் இருக்கின்றன. அவை தகவல் சொன்ன மறுநொடி, பரிவு நரம்புகள் கால், வயிற்றுக் குழாய்களை இறுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். இதயம் பத்து, இருபது துடிப்பு கூடுதலாக அடித்துச் சமாளித்துவிடும். நாம் நினைக்காமலே நடக்கும் வேலை இது. அதனால்தான் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். வியர்வை, செரிமானம், கண்பாவை, சிறுநீர்ப்பை எல்லாம் இதன் பொறுப்பில்தான். கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கு இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. கீழே குழாய் சரியாக இறுகுவதில்லை. அல்லது உடம்பில் ரத்தத்தின் அளவே குறைந்திருக்கிறது. எங்கள் பழைய கட்டடத்தில் அடியில் குழாய் கசிந்தால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் பேயாகச் சுற்றும். வாட்ச்மேன் மோட்டாரைத் திட்டுவார். மோட்டார் மேல் தப்பில்லை. உங்கள் இதயமும் அப்படித்தான் ஓடுகிறது.

இதற்குப் பாட்ஸ் (POTS) என்று பெயர், அதாவது எழுந்து நின்றால் நாடி எகிறும் கோளாறு. பெரியவர்களுக்கு நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி, படுத்திருந்ததைவிட 30 துடிப்பாவது கூட வேண்டும் (12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40), பிபி பெரிதாக இறங்கக்கூடாது, தொந்தரவு மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும், வேறு காரணம் இருக்கக்கூடாது. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதுவும் வேலை பார்க்கிற, பிள்ளை வளர்க்கிற வயதில். "டென்ஷன்" என்று சொல்லி அனுப்ப எவ்வளவு வசதி பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். 2021-ல் எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கிய ஆக்சிமீட்டர் எங்காவது டிராயரில் கிடக்கும். பேட்டரி மாற்றி எடுங்கள், அதில் நாடியும் தெரியும். காலையில் காபிக்கு முன்பு பத்து நிமிடம் பேசாமல் படுங்கள். நாடியும் பிபியும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கும்படி, முதுகை லேசாகச் சுவரில் சாய்த்து நில்லுங்கள். பேச்சு, நடை, காலை ஆட்டுவது எதுவும் கூடாது. நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பிபி, பத்து நிமிடம் வரை. எழுதுவது உங்கள் கணவராக இருக்கட்டும். உங்களைப் பிடிக்க ஒருவர் வேண்டும், அவர் கண்ணால் பார்க்கவும் வேண்டும். கண் இருட்டினால் உடனே உட்காருங்கள், பத்து நிமிடம் முடிக்க வேண்டும் என்று வீம்பு வேண்டாம். பாதம் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வெவ்வேறு நாள் செய்து, அந்தக் காகிதத்தோடு டாக்டரிடம் போங்கள். "படபடப்பா இருக்கு" என்றால் கேட்காத காது, "படுத்தால் 76, நின்றால் 119" என்றால் கேட்கும்.

அவர் ஹீமோகுளோபின், பி12, சோடியம், சர்க்கரை, கிரியாட்டினின் பார்ப்பார். நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்தசோகை மட்டுமே இந்த வேலையைச் செய்துவிடும், அதைத் தாண்டாமல் பாட்ஸ் என்று முடிவு கட்டக்கூடாது. நெஞ்சு வலி, படி ஏறும்போதே மயங்கி விழுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, இருமலில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் சுவர்ப் பரிசோதனையெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. மாத்திரைகள் உண்டு. ப்ரோப்ரனலால் குறைந்த அளவில், ஐவாப்ரடீன், மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்று ஆளுக்குத் தகுந்தபடி கொடுப்பார்கள். நான் பெயர் சொன்னேன் என்று மெடிக்கலில் போய் வாங்காதீர்கள்: முதலாவது ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, இரண்டாவது கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: நின்றால் மட்டும் ஏறி, உட்கார்ந்தால் இறங்குகிற நாடியை வெறும் மனசு என்று தள்ளிவிட முடியாது. ஒரு வருடமாக யாரும் நம்பாததால் உங்களுக்குக் கவலையும் வந்திருக்கலாம், அது வேறு கணக்கு, அதற்கும் உதவி கேட்கலாம்.

அந்தத் தையல்காரப் பெண் 2022-ல் மகனுக்குக் காய்ச்சல் என்று வந்தாள். பையனைப் பார்த்து முடித்ததும் அவளைச் சுவரோரம் நிற்க வைத்தேன். 84, பிறகு 126. மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேம்லா டாக்டரம்மா, நின்னாத்தான் வருதுன்னு" என்றாள்.

ஒரு மாமியார், செம்பூர் செட்டா நகர்

*என் மருமகளுக்கும் இந்த வியாதிதான் என்று அவள் டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு சமைக்கிறாள். அது போகட்டும். உப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறாள். போன சித்திரையில் போட்ட மாவடு ஜாடி காலி. உப்பு கெடுதல் என்று நீங்களே இந்தப் பக்கத்தில் பத்து தடவை எழுதியிருக்கிறீர்கள். என் ஆத்துக்காரருக்கு பிபி. ஒரே சாம்பாரில் இரண்டு பேருக்கும் எப்படி உப்புப் போடுவது?*

மாமி, இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்த கேள்வி உங்களுடையதுதான்.

நான் எழுதியதும் உண்மை, அவள் டாக்டர் சொன்னதும் உண்மை. சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு சின்ன டீஸ்பூன். பாட்ஸ் இருந்து, பிபி ஏறாமல், சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருப்பவர்களுக்கு 10 கிராம் வரைகூட சொல்லுகிறோம், கூடவே இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர். உப்பு தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கும், ரத்தத்தின் அளவு கூடும், நிற்கும்போது மேலே கொஞ்சம் மிஞ்சும். உங்கள் ஆத்துக்காரருக்கு எது கெடுதலோ அதுவேதான் மருமகளுக்கு மருந்து.

அதனால் சாம்பாரில் மாமாவுக்கான உப்பைப் போடுங்கள். மருமகள் தட்டில் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். மோர் இரண்டு செம்பாகப் பிரியட்டும், ஒன்றில் உப்பு, ஒன்றில் இல்லை. மாவடு அவளுக்கு, மாமாவுக்கு வாசனை மட்டும். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்கச் சொல்லுங்கள், அரை லிட்டர் ஒரேயடியாக உள்ளே போனால் சில நிமிடத்தில் நிற்கும் பலம் கொஞ்சம் கூடும். ஓஆர்எஸ் பொடி வாங்கினால், பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பது, அதில் 2.6 கிராம் உப்புதான் இருக்கும், சர்க்கரையும் அளவோடு இருக்கும். அட்டை டப்பாவில் ஆரஞ்சு வாசனையோடு வருகிற இனிப்புத் தண்ணீரெல்லாம் அதற்கு ஈடாகாது.

ஸ்டூலைப் பற்றி. "அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை பாருங்கள்! அடுப்படி மோசமான இடம் மாமி. அனலில் தோலுக்கடியில் குழாய்கள் விரியும், அசையாமல் நிற்பதால் ரத்தம் காலிலேயே தங்கும், கிளற, எட்ட என்று கையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் நாடி எகிறும். அக்டோபர் வெக்கையில் நானே தோசை வார்க்க மாட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து சமைப்பதால்தான் அவளால் சமைக்க முடிகிறது. குளியலறையிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள், வெந்நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வயிறு முட்டச் சாதம் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய்விடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் கட்டிய பெல்ட் பீரோவில் இருக்கிறதா? அதைப் பகலில் நிற்கும்போது கட்டிக்கொள்ளட்டும். இடுப்பு வரை வரும் இறுக்கமான சாக்ஸ்தான் புத்தகத்தில் சொன்னது, ஆனால் மும்பை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பவர்களுக்குக் கோயில் கட்டலாம். முழங்காலோடு நிற்கும் சாக்ஸால் பெரிய பலன் இல்லை, வயிற்றிலும் தொடையிலும்தான் ரத்தம் அதிகம் தங்குகிறது.

மாவடு இந்த வருடம் இரண்டு ஜாடியாகப் போட்டுவிடுங்கள்.

வாசகர், வயது 58, தாராவி

*எனக்குச் சர்க்கரை 16 வருஷமா இருக்கு. பிபிக்கும், ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்குப் போறதுக்கும் மாத்திரை சாப்பிடறேன். 2021-ல் கோவிட் வந்தது. இப்ப காலையில் கக்கூஸ் வரிசையில் நிக்கும்போது தலை சுத்துது, ஒருநாள் விழுந்துட்டேன். மகன் மிஷின் வச்சுப் பார்த்தான்: படுத்தா 150/84, நாடி 78. நின்னு மூணு நிமிஷத்தில் 116/70, நாடி 82. உங்க கட்டுரையைப் பார்த்து உப்பு மோர் குடிக்க ஆரம்பிச்சிருக்கேன். சரிதானா?*

அண்ணாச்சி, இன்றோடு நிறுத்துங்கள். தப்பு உங்களுடையது அல்ல. போன இதழில் உப்பு மோரைப் பற்றி எழுதியபோதே நான் இதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பாட்ஸ்காரர்களுக்கு நின்றால் நாடி ஏறும், பிபி பெரிதாக இறங்காது. உங்களுக்குத் தலைகீழ்: பிபி 34 இறங்கியிருக்கிறது, நாடி நாலே நாலுதான் ஏறியிருக்கிறது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலே கணக்கில் எடுக்க வேண்டும். இத்தனை இறங்கியும் இதயம் ஓடிப் பிடிக்கவில்லை என்றால், அதை ஓட்டுகிற நரம்பே களைத்திருக்கலாம். பதினாறு வருடச் சர்க்கரை அதைச் செய்யும். கோவிட்டுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் மாத்திரை டப்பாவை. பிபி மாத்திரைகளில் சிலவும், புராஸ்டேட்டுக்காகக் கொடுக்கும் சில மாத்திரைகளும் நிற்கும்போது பிபியை இழுத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு, மகன் எழுதிய எண்களோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். எதைக் குறைப்பது, எதை ராத்திரிக்கு மாற்றுவது என்று அவர் பார்க்கட்டும், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். படுத்தபோதே 150 காட்டுகிற ஆள் உப்பு மோர் குடித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை: தலைமாட்டுக் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஐந்தாறு அங்குலம் உயர்த்துங்கள். எழும்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கால் விரல்களை மடக்கி நீட்டி, பிறகு நில்லுங்கள். ராத்திரி இருட்டில் சந்தில் இறங்கி நடக்க வேண்டாம், படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காலை வரிசைக்கு ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டு போங்கள். இல்லை என்றால் நிற்கும்போது காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கி விடுங்கள், திரும்பத் திரும்ப. கண் இருட்டினால் மானம் பார்க்காமல் குந்திவிடுங்கள்.

ஒரு தந்தை, முலுண்ட்

*மகனுக்கு வயது 21. கோவிட்டுக்குப் பிறகு நின்றால் நாடி 130 போகிறது. பாட்ஸ் என்று டாக்டர் சொன்னார். உடற்பயிற்சி செய்தால் சரியாகும் என்று இணையத்தில் படித்து, காலை ஐந்தரைக்கு எழுப்பி மைதானத்தில் ஓட வைக்கிறேன். ஒருநாள் ஓடினால் மூன்று நாள் படுத்துவிடுகிறான். சோம்பேறித்தனமா, வியாதியா என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பை வளைத்தால்தானே வழிக்கு வரும்?*

அவனை நாளைக் காலை தூங்க விடுங்கள்.

நீங்கள் படித்தது பாதி உண்மை. பாட்ஸ்காரர்களுக்குப் படுத்தபடி, உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி நல்லது: பாயில் படுத்துக் காலைத் தூக்குவது, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள், நீச்சல். காலிலும் தொடையிலும் தசை வலுத்தால் ரத்தத்தை மேலே அனுப்ப அதுவே ஒரு பம்பு. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மைதானத்தில் ஓடுவதெல்லாம் அந்த வரிசையில் கடைசி.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது அந்த மூன்று நாள். செய்த வேலைக்குக் களைப்பு அன்றே வந்து அன்றே போனால் அது களைப்பு. ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து வந்து, உடம்பு வலி, தலை கனம், படித்தது மண்டையில் ஏறாமல் போவது என்று ஆளைச் சாய்த்தால் அது வேறு. லாங் கோவிட்காரர்களில், அதாவது கோவிட் போய் மாதக்கணக்கு ஆகியும் தேறாதவர்களில், பலருக்கு இது பாட்ஸோடு சேர்ந்தே இருக்கிறது. இவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கலாம் என்பது பழைய நம்பிக்கை. இதே மாதிரி உழைத்த பின் சாய்கிற நாள்பட்ட களைப்பு நோய்க்கு, இப்படி ஏற்றிக்கொண்டே போகும் பயிற்சி வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகள் எழுதும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வழிகாட்டியையே திருத்தியது. உடம்பை வளைக்கப் போய் ஒடித்துவிடக் கூடாது.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: என்ன செய்தான், மறுநாள் எப்படி, அதற்கு மறுநாள் எப்படி. கல்லூரிக்குப் போய் வருவது, பரீட்சைக்குப் படிப்பது, நண்பர்களோடு மூன்று மணி நேரம் அரட்டை எல்லாமே செலவுக் கணக்கில் வரும். எந்த அளவில் சாயவில்லையோ அதுதான் இப்போதைக்கு எல்லை. அதற்குள் பத்து நிமிடம் படுத்தபடி பயிற்சி இடம் பிடித்தால் செய்யட்டும், சாய்ந்தால் பாதியாகக் குறைக்கட்டும். நன்றாக இருக்கிற நாளில்தான் இவர்கள் கெடுத்துக்கொள்வார்கள். இன்றைக்குத் தேவலை என்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோ முழுக்க ஒழித்து அடுக்கினேன். புதன்கிழமை வரை கிளினிக்குக்குப் பூட்டு.

சோம்பேறி எவனும் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓட மாட்டான் சார்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், மாட்டுங்கா

*இந்த நோய் கோவிட்டோடு புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா?*

பெயர்தான் புதிது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து பிழைத்த சிப்பாய்கள் பலர், அணிவகுப்பில் நிற்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஜேக்கப் ட கோஸ்டா என்ற மருத்துவர் அவர்களில் முந்நூறு பேரை ஆராய்ந்து 1871-ல் எழுதினார். படபடப்பு, மயக்கம், மூச்சு வாங்குதல் எல்லாம் அதில் இருக்கிறது. முதல் உலகப் போரில் "சிப்பாய் இதயம்" என்றார்கள். கோழை என்று சொன்னவர்களும் உண்டு. 1993-ல் ஷோண்டார்ஃப், லோ என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் நாடியின் எண்ணை வைத்து இலக்கணம் வகுத்த பிறகுதான் பாட்ஸ் என்ற பெயர் நிலைத்தது. வேறு வைரஸ் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வருவதுண்டு. கோவிட் ஒரே சமயத்தில் ஏராளமானவர்களுக்குக் கொடுத்ததால் எங்கள் கண்ணில் பட்டது. சிப்பாய்களுக்கு முன்னால் எத்தனை பெண்கள் அடுப்படியில் இப்படித் துவண்டார்களோ, அவர்களை யாரும் எண்ணவில்லை.

வாசகி, சயான்

*பிராணாயாமம் செய்தால் போய்விடுமா?*

போய்விடாது, உதவும். நிதானமாக மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் அடக்கும். படுத்தபடியோ சாய்ந்தோ செய்யுங்கள். வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா இப்போது வேண்டாம், தலைசுற்றல் கூடும்.

வாசகி, வயது 23, மான்குர்ட்

*ஹார்பர் லைனில் தினமும் போகிறேன். பார்க்க நன்றாக இருக்கிறேன், அதுதான் பிரச்சினை. உட்கார இடம் கேட்டால் "ஜவான் லட்கி ஹை" (வயசுப் பெண்தானே) என்று முறைக்கிறார்கள். பாட்ஸ் என்று விளக்கிச் சொல்வதற்குள் குர்லா வந்துவிடுகிறது. என்ன செய்வது?*

விளக்கவே விளக்காதீர்கள். "சக்கர் ஆ ரஹா ஹை" என்று மட்டும் சொல்லுங்கள். தலை சுற்றுகிறது என்றால் இந்த ஊரில் மூன்று பேர் பெஞ்சில் நாலாவது சீட்டாவது நகர்ந்து கொடுப்பார்கள், பையிலிருந்து பிஸ்கட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். ஏறியதும் யார் எங்கே இறங்குகிறார்கள் என்று கேட்டு இடம் பிடிக்கும் வித்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நிற்க வேண்டி வந்தால் அசையாமல் நிற்காதீர்கள், குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், தொடையைச் சேர்த்து இறுக்குங்கள், கம்பியை ஓங்கிப் பிடித்துக் கையைத் தூக்கியபடி நிற்பதைவிடக் கம்பத்தில் சாய்வது மேல். வாசல் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால் தரையில் உட்காருங்கள். 2021 டிசம்பரில் தாணேயிலிருந்து ஸ்லோ லோக்கலில் வரும்போது எனக்குக் காது அடைத்தது. நல்ல பட்டுப் புடவை, கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். அப்படியே பெட்டியின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா வீட்டுக்குப் போனதும் சமைக்க வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கட்டுக் கீரையை என் மடியில் தூக்கிப் போட்டார். சயான் வருவதற்குள் ஆய்ந்து கொடுத்துவிட்டேன்.